ஆயிரத்து நூற்று ஐம்பது நாள்

மதுராந்தகம் என்ற பெயரைக் கேட்டதும் நமக்கு ஏரி ஞாபகம் வருகிறது. அடுத்தபடியாக ஏரி காத்த ராமர். மழைக்காலத்து இரவொன்றில் கரை உடைந்துவிடுமோ என்று பார்க்கப் போன கலெக்டர் லயனல் பிளேஸ் துரையின் கண்ணுக்கு, வில்லும் கையுமாக இரண்டு வாலிபர்கள் கரையைக் காவல் காத்து நிற்பது தெரிந்ததாம். மனம் நெகிழ்ந்த துரை தாயார் சன்னிதியைக் கட்டிக் கொடுத்தார் என்று ஊரார் இருநூறு வருஷங்களுக்கு மேலாகச் சொல்லி வருகிறார்கள். சென்னையிலிருந்து தெற்கே போகும் ரஸ்தாவில் அந்த ஏரியை நெருங்கும்போது, பஸ்ஸில் தூங்கி வழிகிறவர்கள்கூட ஒரு தடவை கண் விழித்து, தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக் கொள்வார்கள்.

ஊரின் பெயரை மட்டும் யாரும் நின்று விசாரிப்பதில்லை. மதுரைக்கு அந்தகன், அதாவது மதுரைக்கு யமனாக வந்தவன், மதுராந்தகன். பாண்டியரோடு ஓயாத பகை கொண்டிருந்த சோழர்கள் ஆசையோடு சூட்டிக் கொண்ட பட்டம் அது. சரித்திர நாவல்கள் படித்தவர்களுக்கு மதுராந்தகன் என்றால், ராஜராஜனுக்கு முன்னால் பட்டத்துக்கு வந்த உத்தம சோழனைத் தெரியும். ஊருக்குப் பெயர் வந்ததும் அவனால்தான் என்று சொல்லுகிறார்கள். ஆனால் அந்தப் பெயர் இன்னொருவனுக்கும் உண்டு. ராஜராஜனுடைய மகன், பிற்காலத்தில் கங்கையும் கடாரமும் கொண்ட ராஜேந்திரன், பட்டத்துக்கு வருமுன் மதுராந்தகன்தான். நாம் கடைசியில் அந்த மதுராந்தகனிடம் வந்து சேருவோம். அதற்கு முன்னால் சீன தேசம் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது.

இந்தக் காலத்தில் அது ஒரு பிரமாதமில்லை. செங்கற்பட்டுக் கடைவீதியில் நடந்தால் போதும். "சிங்கப்பூர் – மலேசியா, ஐந்து இரவு, ஆறு பகல்" என்று வர்ண வர்ணமாக விளம்பரம் கண்ணில் படும். பென்ஷன் வாங்கும் வாத்தியார், அவருடைய மனைவி, மனைவியின் தமக்கை, பக்கத்து வீட்டு மளிகைக் கடைக்காரர் என்று நாற்பது பேர் சேர்ந்தால் ஒரு கோஷ்டி ஆயிற்று. கோஷ்டிக்கு ஒரு தலைவர். அவர் கையில் சின்னஞ்சிறு கொடி. பெட்டிகளில் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, எலுமிச்சங்காய் ஊறுகாய். தெரியாத தேசத்துக்கு முதன்முதலாகப் போகிறவர்களுக்குத் தெரிந்த முகங்கள் நாலு கூட இருப்பது பெரிய தைரியம். ஆயிரம் வருஷங்களுக்கு முன் நம்மவர் ஐம்பத்திரண்டு பேர் அப்படித்தான் கூட்டமாகக் கிளம்பினார்கள். அவர்களுக்கு வாய்த்தது ஐந்து இரவும் ஆறு பகலுமல்ல. சீனக் கரையை மிதிப்பதற்கே ஆயிரத்து நூற்று ஐம்பது நாள் பிடித்தது.

நாளை இவ்வளவு கணக்காகச் சொல்ல முடிகிறதே, எந்தக் கல்வெட்டில் இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். நம் நாட்டுக் கல்வெட்டு எதிலும் இல்லை. தஞ்சாவூர்ப் பெரிய கோவிலில் விளக்குக்கு நெய் விட ஒதுக்கிய ஆடு மாடுகளின் எண்ணிக்கை இருக்கிறது. ஆடல் மகளிர் நானூறு பேருக்கு எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்ற விவரம் இருக்கிறது. அதே ராஜராஜன் அனுப்பிய ஐம்பத்திரண்டு பேர் உலகத்தின் மறு கோடி வரையில் போனதைப் பற்றி ஒரு வரி கிடையாது. போன இடத்தார் எழுதி வைத்தார்கள். சுங் வம்சத்துச் சக்கரவர்த்திகளின் காலத்து அரண்மனைக் குறிப்புகளைக் கொண்டு 1345-ல் முடிக்கப் பெற்ற பெரிய சரித்திர நூல் ஒன்று சீன மொழியில் இருக்கிறது. அதில் "சூ-லியன்" என்ற தேசத்துக்கு ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். சூ-லியன் என்பது சோழ நாடு.

சீனத்துக்குத் தூது போவது தமிழ்நாட்டுக்கு அடியோடு புதிதல்ல. மதுராந்தகத்திலிருந்து கிழக்கே திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் மாமல்லபுரத்துக் கடற்கரை. அங்கே அலை வாயிலில் நிற்கும் கோவிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவன் காலத்தில், 720-ஆம் வருஷத்தில், காஞ்சியிலிருந்து தாங் வம்சத்துச் சக்கரவர்த்தியிடம் தூதர்கள் போயிருக்கிறார்கள். பேசத் தெரிந்த பஞ்சவர்ணக் கிளி ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டு போனார்கள். அரபியரையும் திபெத்தியரையும் அடக்கத் தன்னுடைய யானைப் படையையும் குதிரைப் படையையும் தருவதாகப் பல்லவ மன்னன் சொல்லி அனுப்பி, அந்தச் சேனைக்கு ஒரு பெயர் வேண்டுமென்று கேட்டான். சக்கரவர்த்தி மகிழ்ந்து, நற்குணத்தைப் போற்றும் சேனை என்று பொருள்படும்படி ஒரு பெயரை எழுதி அனுப்பினார். காஞ்சிக்கும் திபெத்துக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை நினைத்தால் இந்தப் பேச்சு வார்த்தை நமக்குச் சிரிப்பூட்டுகிறது. கிளி என்ன பாஷை பேசிற்று என்று தெரிந்து கொள்ள எனக்கு ரொம்ப ஆசை.

அதன் பிறகு முந்நூறு வருஷம் கழிந்தது. பல்லவர் போய்ச் சோழர் வந்தனர். சீனத்திலும் வம்சம் மாறிவிட்டது. அதனால்தானோ என்னவோ, சுங் சரித்திரக்காரர், சோழர்கள் அதற்கு முன் ஒருபோதும் சீனத்துக்கு வந்ததில்லை என்று எழுதுகிறார். சோழ நாட்டிலிருந்து காண்டன் துறைமுகத்துக்கு நீர்வழி தூரம் 4,11,400 லீ என்றும் கணக்குக் கொடுக்கிறார். ஒரு லீ ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் பூமியை ஐந்து தடவை சுற்றி வரலாம்! தூரத்தை இப்படிச் சொன்னது வழிகாட்டியா, மொழிபெயர்த்தவனா, பிரயாணிகள்தாமா என்று தெரியவில்லை. மூன்று வருஷம் வழியிலேயே கிடந்தவர்களுக்கு அந்தத் தூரம் மிகையாகப் பட்டிருக்காது.

எதற்காகப் போனார்கள்? சீன நூல் சொல்லும் காரணம் அழகாக இருக்கிறது. பத்து வருஷ காலமாகக் கடலில் புயலும் பேரலையும் இல்லை. கடல் இப்படி அமைதியாக இருந்தால் சீனத்தில் ஒரு மகா புருஷர் ஆளுகிறார் என்று பொருள் என்பது பெரியவர்கள் வாக்கு. ஆகையால் சோழ மன்னன் தூது அனுப்பினானாம். மரக்கலத்தில் வந்த வியாபாரிகள் சுங் வம்சத்தின் சிறப்பை எடுத்துச் சொன்னதாகவும் இருக்கிறது. இரண்டாவது காரணத்தை நான் முழுவதும் நம்புகிறேன். 987-ஆம் வருஷத்திலேயே சீனச் சக்கரவர்த்தி எட்டு அரண்மனை அதிகாரிகளை நான்கு கோஷ்டிகளாகப் பிரித்துத் தங்கமும் பட்டும் கொடுத்துத் தென்கடல் நாடுகளுக்கு அனுப்பியிருந்தார். யானைத் தந்தமும் வாசனைப் பொருளும் முத்தும் கொண்டு வாருங்கள் என்று அழைப்பதே அவர்கள் வேலை. சுங்க வரியின் ருசியை அறிந்த அரசு அது. ஈழத்தையும் மலைநாட்டுத் துறைமுகங்களையும் பிடித்து, கடைசியில் மாலத் தீவுகள் வரையில் கை நீட்டிய ராஜராஜனும் அதே ருசியை அறிந்தவன்தான்.

காண்டனை அடைந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால், அவர்கள் புறப்பட்டது 1012-ஆம் வருஷத்தையொட்டி இருக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோவிலின் விமானத்தில் ஸ்தூபி வைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதே 1012-ல்தான் மதுராந்தகனை ராஜேந்திரன் என்ற பெயரோடு தந்தை தம்முடன் அரசாளச் சேர்த்துக் கொண்டார்.

கோஷ்டியின் தலைவர் பெயரைச் சீனர்கள் "சோ-லி சான்-வென்" என்று எழுதியிருக்கிறார்கள். உப தலைவர் "பூ-சூ". கணக்கும் கடிதமும் பார்த்தவர் "வெங்-வூ". காவலுக்குப் பொறுப்பான அதிகாரி "யா-லெ-கியா". சோ-லி என்பது சோழ என்ற சொல்லாக இருக்கலாம். மற்றதை எப்படித் திருப்பித் தமிழாக்குவது? சாமந்தன், சாமுண்டன், சாத்தன் என்று எதை வைத்தாலும் பொருந்துவது போலவும் இருக்கிறது, பொருந்தாதது போலவும் இருக்கிறது. உப தலைவரின் பெயரில் வரும் "பூ" என்ற எழுத்தைக் கண்டு, அது அராபியரின் "அபு" என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். அந்தக் காலத்தில் சீனத்துத் துறைமுகங்களில் அராபிய வியாபாரிகளை அப்படி எழுதுவதுதான் வழக்கம். வழியும் மொழியும் தெரிந்த ஒரு துலுக்க வியாபாரியைத் துணைத் தூதராகப் போட்டு அனுப்பியிருந்தால், சோழ அரண்மனையில் விவேகமுள்ள மந்திரி ஒருவர் இருந்தார் என்று அர்த்தம். மற்ற நாற்பத்தெட்டுப் பேருக்குச் சீன நூலிலும் பெயரில்லை.

என்னென்ன கொண்டு போனார்கள் என்பது மட்டும் சுத்தமாகப் பதிவாகியிருக்கிறது. முத்துத் தைத்த அங்கி ஒன்று. முத்துத் தைத்த தலையணி ஒன்று. முத்து 21,000 லியாங்குக்கு மேல். யானைத் தந்தம் அறுபது. சாம்பிராணி வகையில் அறுபது சீன ராத்தல். இவை மன்னன் அனுப்பியவை. இதைத் தவிர, தூதர்கள் தங்கள் பங்காக 6,600 லியாங் முத்தும் 3,300 ராத்தல் வாசனைச் சரக்கும் சமர்ப்பித்தார்கள். ஒரு லியாங் ஏறத்தாழ நாற்பது கிராம். அரசன் முத்து மட்டும் எண்ணூறு கிலோவுக்கு மேல் ஆகிறது. தூதர்களின் "சொந்தக் காணிக்கை"யைப் பார்த்தால், இவர்கள் ராஜாங்க உத்தியோகஸ்தர்களா, வியாபாரிகளா என்ற சந்தேகம் உண்டாகிறது. இரண்டும்தான். காணிக்கை என்று சொல்லிக் கொடுப்பார்கள். வெகுமதி என்று சொல்லித் திருப்பித் தருவார்கள். கடை விரித்து விலை பேசுவது கௌரவக் குறைவு என்று நினைத்த ஒரு சபையில் வியாபாரம் இந்த வேஷத்தில்தான் நடந்தது.

இனிப் பிரயாணத்துக்கு வருவோம். சீன நூல் வழியை ஒவ்வொரு கட்டமாகக் கொடுக்கிறது. புறப்பட்டு எழுபத்தேழு இரவும் பகலும் ஓடி, ஈழத்து மலையைத் தாண்டி, சான்-பின் என்ற நாட்டை அடைந்தார்கள். பிறகு அறுபத்தொரு நாள் ஓடிக் கு-லோ. இது நம்முடைய கடாரம்தான் என்று பலர் கருதுகிறார்கள். பிறகு எழுபத்தொரு நாள் ஓடி ஸ்ரீவிஜயம். அங்கிருந்து பதினெட்டு நாள் போனதும் பின்-தோ-லாங் என்ற மலை. அந்த இடத்தில், கப்பலிலிருந்து ஏறக்குறைய நூறு லீக்கு அப்பால், கீழ்த்திசை மேல்திசைத் தேவமாதாக்களின் சமாதிகள் தெரிவதைப் பார்த்தார்களாம்! சீனப் புராணத்தில் வரும் தேவதைகள் அவர்கள். நூறு லீ என்றால் ஐம்பது கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தில் சமாதி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கப்பல்காரன் ஒருவன் கையை நீட்டி, "அதோ பாருங்கள்" என்று சொல்லியிருப்பான். ஐம்பத்திரண்டு பேரும் ஒரு பக்கமாக வந்து நின்று பார்த்திருப்பார்கள். சிலருக்குத் தெரிந்துமிருக்கும். கோஷ்டியோடு ஊர் சுற்றியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அங்கிருந்து இருபது நாளில் காண்டன் துறைமுகத்து முகப்பில் உள்ள பி-பா தீவு. அந்த இடம் இன்றும் அதே பெயரின் சுருக்கத்தோடு, பா-சோ என்று, காண்டன் நகரத்தின் ஒரு பகுதியாக இருக்கிறது. 1957 முதல் நடந்து வரும் காண்டன் வர்த்தகச் சந்தை 2008-லிருந்து முழுவதும் அங்கேதான் நடக்கிறது. நம்மூர் வியாபாரிகளும் கோஷ்டி கோஷ்டியாக அந்தச் சந்தைக்கு விமானம் ஏறுகிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன் சான்-வென் கோஷ்டி கரையிறங்கிய மண் அது என்பதை அவர்களில் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

கூட்டிப் பாருங்கள்: 77, 61, 71, 18, 20. மொத்தம் 247 நாள். கப்பல் ஓடிய நாள் அவ்வளவே. ஆயிரத்து நூற்று ஐம்பதில் மிச்சம் 903 நாள். இரண்டரை வருஷம் கரையில் கழிந்திருக்கிறது!

காரணம் காற்று. பாய்மரக் கப்பல் காற்றின் தயவில் ஓடுவது. ஆறு மாதம் ஒரு திசையிலும் ஆறு மாதம் எதிர்த்திசையிலும் அடிக்கும் பருவக் காற்று, வங்காளக் குடாக் கடலுக்கு ஒரு கணக்கும், சீனக் கடலுக்கு ஒரு கணக்கும் வைத்திருக்கிறது. ஒன்றைப் பிடித்து மலாய்க் கரையை அடைந்தவன், அடுத்ததற்காக அங்கேயே காத்துக் கிடக்க வேண்டும். ஒரு வாரம் தாமதித்தால் ஒரு வருஷம் போய்விடும். அந்த நாட்களில் அவர்கள் என்ன சமைத்தார்கள், எந்தக் கோவிலுக்குப் போனார்கள், யாருக்குக் காய்ச்சல் கண்டது, யார் அந்த ஊர்ப் பெண்ணைக் கலியாணம் செய்து கொண்டு வரமாட்டேன் என்று நின்றுவிட்டான் — சரித்திரத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. கதை எழுதுகிறவனுக்கோ அந்த 903 நாளைப் போல் ஆசை காட்டும் விஷயம் வேறு எதுவுமில்லை.

ஸ்ரீவிஜயத்தில் அவர்களுக்கு நல்ல வரவேற்புக் கிடைத்திருக்கும். சுமத்ராவைத் தலைமையிடமாகக் கொண்டு மலாக்கா ஜலசந்தியின் வாயைத் தன் கைக்குள் வைத்திருந்த ராஜ்யம் அது. அந்நாட்டு மன்னர் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விஹாரம் கட்டிக் கொள்ள ராஜராஜன் சம்மதித்து, 1006-ஆம் வருஷத்தையொட்டி ஆனைமங்கலம் என்ற கிராமத்தையே அதற்கு விட்டுக் கொடுத்திருந்தான். லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்ற பட்டயம் அதைச் சொல்லுகிறது. அப்படி உறவாடிய நாட்டில் காற்றுக்காகக் காத்திருந்தவர்கள் அரண்மனை விருந்தாளிகளாகவே இருந்திருக்க வேண்டும்.

இந்தக் காத்திருப்பில்தான், 1014-ல், தஞ்சையில் ராஜராஜன் காலமானான்.

மன்னனிடமிருந்து கொண்டு வந்த ஓலை பெட்டியில் இருக்கிறது. அங்கியும் தலையணியும் முத்தும் அவன் பெயரால் வந்தவை. அவனோ இல்லை. சான்-வென்னுக்கு அது தெரியுமா?

நாகப்பட்டினத்துக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் இடையே கப்பல்கள் வந்து போய்க் கொண்டுதான் இருந்தன. சக்கரவர்த்தி மறைந்த செய்தி மூட்டை முடிச்சோடு எந்தக் கப்பலிலாவது வந்திருக்கலாம். வந்திருந்தால் அந்த மனிதர் என்ன செய்திருப்பார்? திரும்பிப் போய்ப் புது மன்னனின் ஓலையை வாங்கி வருவதென்றால் இன்னும் இரண்டு மூன்று வருஷம். அதற்குள் முத்து என்ன ஆகும், ஆட்கள் என்ன ஆவார்கள்? யாரிடமும் சொல்லாமல், கோஷ்டியில் நாலு பேரோடு மட்டும் கலந்து பேசி, கப்பலைச் சீனத்தை நோக்கித் திருப்பச் சொல்லியிருப்பார். செய்தி எட்டாமலே காற்று மாறிப் புறப்பட்டுவிட்டார்கள் என்று வைத்துக் கொண்டாலும் தவறில்லை. அப்படியானால், மன்னன் கோவில் வாசலில் நின்று தங்களை எதிர்பார்ப்பதாகவே நினைத்துக் கொண்டு அவர்கள் அத்தனை கடலையும் கடந்தார்கள். இரண்டில் எது உண்மையாக இருந்தாலும் சீன நூலில் ஒன்றுதான் இருக்கிறது: 1015-ஆம் வருஷம், சீனக் கணக்கில் ஒன்பதாவது மாதம், சோழ மன்னன் ராஜராஜனின் தூதர்கள் சக்கரவர்த்தியின் சன்னிதானத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

காண்டனிலிருந்து தலைநகர் கைபெங் வெகு தூரம் வடக்கே இருந்தது. அன்றைய உலகத்தில் இருந்த மிகப் பெரிய நகரங்களுள் ஒன்று அது. தூதர்களைக் கவனித்துக் கொள்ள ஒரு அரண்மனை அதிகாரியை நியமித்தார்கள். மத்திய ஆசியாவில் கூச்சா என்று ஒரு சின்ன நாடு. அந்நாட்டுத் தூதருக்கு என்ன உபசாரமோ அதே உபசாரம் சோழருக்கும் என்று உத்தரவாயிற்று. ஈழம் முதல் துங்கபத்திரை வரையில் ஆண்டவனுக்குக் கூச்சா வரிசை! தஞ்சாவூரில் தெரிந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார்கள்.

இதற்கும் ஒரு உள்காரணம் உண்டு. பிற்காலத்தில், 1106-ல், பர்மாவின் பகான் ராஜ்யத்திலிருந்து தூதர்கள் வந்தபோது, சோழருக்குச் செய்த மரியாதையை இவர்களுக்கும் செய்யலாம் என்று யோசனை வந்தது. சடங்கு இலாகாவினர் குறுக்கே விழுந்து, சோழ நாடு ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கியது. பகான் சுதந்திரமான பெரிய ராஜ்யம். இரண்டையும் ஒன்றாக நடத்தலாமா என்று ஆட்சேபித்தார்கள். சோழர் ஸ்ரீவிஜயத்தைச் சூறையாடி எண்பது வருஷம் ஆன பிறகு இந்தப் பேச்சு! ஸ்ரீவிஜயத்தார் வேண்டுமென்றே சீனர் காதில் இப்படி ஓதி வைத்தார்கள் என்று தான்சென் சென் என்னும் சரித்திர ஆசிரியர் வாதிக்கிறார். எனக்கு அது சரியென்று படுகிறது. வழியில் உட்கார்ந்து தரகு வாங்குகிறவனுக்கு, சரக்குள்ளவனும் பணமுள்ளவனும் நேரில் கைகுலுக்குவது பிடிக்காது. தங்க இடம் கொடுத்து, விருந்து வைத்து, நம்மவர் போன பிறகு சீனனிடம் "இவர்கள் நமக்கு அடங்கினவர்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. மொழி தெரியாத கோஷ்டிக்கு இது காதில் விழவும் செய்யாது.

அவர்கள் கொண்டு போன ஓலையின் சீன வடிவத்தைப் படித்தால் மொழி தெரியாததன் விளைவு இன்னும் நன்றாக விளங்கும். அதில் சோழ மன்னன் தன்னைப் புளித்த காடிச் சாடியில் மொய்க்கும் கொசுவுக்கும் பூஜை முடிந்ததும் தூக்கி எறியும் வைக்கோல் பொம்மைக்கும் ஒப்பிட்டுக் கொள்கிறான். காந்தளூர்ச் சாலையில் தொடங்கி வரிசையாகத் தன் வெற்றிகளைக் கல்லில் வெட்டுவித்த ராஜராஜன் இப்படிப் பேசுவானா? இந்த உவமைகள் எல்லாம் பழைய சீன ஞான நூல்களிலிருந்து எடுத்தவை. காண்டனிலோ கைபெங்கிலோ ஒரு பண்டிதர் உட்கார்ந்து, சக்கரவர்த்திக்கு எழுதத் தகுந்த நடையில் ஓலையைத் திருத்தியிருக்கிறார். சான்-வென் தலையை அசைத்துக் கேட்டுக் கொண்டிருந்திருப்பார்.

பேச்சில் தோற்றாலும் செய்கையில் அவர் தோற்கவில்லை. சபையில் அவர் ஒரு தட்டில் முத்துக்களையும் நீலப் பச்சைக் கண்ணாடி மணிகளையும் ஏந்திக் கொண்டு படியேறினார். சிம்மாசனத்துக்கு எதிரே அவற்றைப் பரப்பினார். இறங்கி வந்து மறுபடியும் வணங்கினார். தூரதேசத்தார் தங்கள் உள்ளன்பைக் காட்ட விரும்புவதாகத் துவிபாஷி எடுத்துச் சொன்னான். அந்தச் செய்கைக்குத் துவிபாஷி தேவையில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. கோவிலில் மூர்த்தியின் பாதத்தில் மலர் இடும் பழக்கமுள்ளவர்கள் முத்தை இட்டிருக்கிறார்கள்.

பன்னிரண்டாவது மாதத்தில் சக்கரவர்த்தி சென்-சுங்கின் பிறந்த நாள் வந்தது. வட சீனத்தில் உறை பனிக் காலம். அப்போது நம் தூதர்கள் ஒரு விண்ணப்பம் செய்து கொண்டார்கள். கைபெங்கில் உள்ள ஒரு பௌத்த மடத்தில் பிக்ஷுக்களைக் கூட்டி, சக்கரவர்த்தியின் நீண்ட ஆயுளுக்காகப் பிரார்த்தனை நடத்த வேண்டுமென்று கேட்டார்கள். சிவபாதசேகரன் என்று பட்டம் சூடியவனின் தூதர்கள் கேட்ட விண்ணப்பம் இது! நாகப்பட்டினத்து விஹாரத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அதில் விகற்பம் ஒன்றும் தோன்றவில்லை போலிருக்கிறது.

தங்களை அனுப்பிய மன்னனுக்கு ஆயுள் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட நிலையில், வேறொரு மன்னனின் ஆயுளுக்காக அவர்கள் அந்தக் குளிரில் கை கூப்பி நின்றார்கள்.

மறு வருஷம், 1016-ல், விடை கொடுத்து அனுப்பினார்கள். சக்கரவர்த்தியின் திருமுகம் ஒன்றும் ஏராளமான வெகுமதிகளும் அவர்களிடம் தரப்பட்டன. திருமுகம் யார் பெயருக்கு? சீன நூல் தெளிவாகச் சொல்லுகிறது: ராஜராஜனுக்கு. அவர்கள் பெட்டியில் பத்திரப்படுத்திக் கொண்டு திரும்பிய கடிதத்தைப் பிரித்துப் படிக்க வேண்டியவன் இல்லை. வாங்கிக் கொள்ள உரியவன் மகன் ராஜேந்திரன், அந்த மதுராந்தகன்தான்.

ஐம்பத்திரண்டு பேரில் எத்தனை பேர் சோழ மண்ணைத் திரும்ப மிதித்தார்கள் என்பதற்குச் சீனத்தில் எழுத்தில்லை, இங்கேயும் இல்லை. ஆனால் 1020-ல் மற்றொரு தூதர் காண்டனுக்கு வந்து நிற்கிறார். ராஜேந்திரன் தந்தை தொடங்கியதை விட்டுவிடவில்லை. அந்தத் தூதரோ தலைநகர் வரையில் போகக் கொடுத்து வைக்கவில்லை; துறைமுகத்திலேயே நோய் கண்டு இறந்து போனார். கூட வந்தவர்களுக்கு விருந்து செய்து, மன்னனுக்குரிய வெகுமதியைக் கொடுத்து அனுப்பும்படி சக்கரவர்த்தி கட்டளையிட்டார். சாவு வீட்டில் விருந்துண்டு, தலைவரை அந்நிய மண்ணில் விட்டுவிட்டு, ஒரு கோஷ்டி தென்மேற்கே பாய் விரித்தது.

1025-ஐ ஒட்டி ராஜேந்திரனின் கப்பற்படை ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் தாக்கியது. பதினைந்து வருஷங்களுக்குள் விருந்தினராகக் காற்றுக்குக் காத்திருந்த அதே துறைமுகங்கள் அவை. வழி தெரிந்த மாலுமிகளுக்குப் படையில் பஞ்சம் இருந்திராது.

பிறகு 1033-ல் மறுபடியும் ஒரு தூது. இந்தத் தடவை மன்னனின் பெயரை ஸ்ரீ ராஜேந்திர சோழன் என்று அடையாளம் காணும்படியாகவே சீனர்கள் எழுதியிருக்கிறார்கள். தூதர் பெயர் பூ-யா-தோ-லி. அவர் சபையில் ஒரு வேண்டுகோள் வைத்தார்: தங்கள் நாட்டு வழக்கப்படி முத்துக்களைச் சன்னிதானத்தில் இறைக்க அனுமதி வேண்டும் என்று. கிடைத்தது. வெள்ளித் தட்டில் முத்தை ஏந்திப் படியேறி, மண்டியிட்டு, சக்கரவர்த்தியின் ஆசனத்துக்கு அடியில் இறைத்துவிட்டுப் பின்வாங்கினார்.

அந்த வேண்டுகோளுக்குக் காரணமாக அவர் சொன்னதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். தங்கள் நாட்டிலிருந்து இதற்கு முன் பல தடவை காணிக்கை அனுப்பியதாகவும், கடற்காற்றில் கப்பல்கள் உடைந்து அவை வந்து சேரவில்லை என்றும் அவர் தெரிவித்தார். அந்தக் கப்பல்களில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று சபையில் யாரும் கேட்டதாகக் குறிப்பு இல்லை.